ஒலியை ஊஞ்சலாட்டிய விரல்கள்

உங்களில் சிலர் திருத்தணிக்குப் போயிருப்பீர்கள். சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகும் வழியில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் மலைக்கோயில் ஊர் அது. கடைத்தெருவில் தமிழும் கேட்கும், தெலுங்கும் கேட்கும். முருகனின் அறுபடை வீடுகளில் ஐந்தாவது வீடு. ஆண்டுக்கு 365 நாள்கள் அல்லவா? அதே கணக்கில் இந்த மலைக்கு 365 படிகள்.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்த மலைக்கு ஓர் இளைஞர் வந்தார். வீணை வாசிப்பதில் வல்லவர். அவருடைய முதல் கீர்த்தனை இங்கேதான் பிறந்தது என்று சொல்வார்கள். அவர்தான் முத்துசுவாமி தீட்சிதர். தியாகராஜர், சியாமா சாஸ்திரி ஆகிய இருவரோடும் சேர்த்து, கர்நாடக இசையின் மும்மூர்த்திகள் என்று போற்றப்படுபவர்.

இன்று கணினியில் இசையமைப்பவர்கள் ஒலியை அசைப்பதற்கென்றே ஒரு கருவியை வைத்திருக்கிறார்கள். தீட்சிதரோ தம் இடக்கை விரல்களாலேயே ஒலியை அசைத்தார். ஒலியை அசைப்பதா? அது எப்படி? முதலில் ஒரு சின்னச் சோதனை செய்து பார்ப்போம்.

கை செய்யும் வேடிக்கை

வாயைத் திறந்து, ஒரே சீராக 'ஆ...' என்று நீட்டிச் சொல்லுங்கள். சொல்லிக்கொண்டே உள்ளங்கையால் வாயை மூடி மூடித் திறங்கள். குரல் 'வா... வா... வா...' என்று அலைஅலையாக மாறுகிறது அல்லவா?

இதில் இரண்டு அசைவுகள் இருக்கின்றன. ஒன்று, உங்கள் தொண்டையில் உள்ள குரல்நாண்களின் அதிர்வு. அது நொடிக்கு இருநூறு, முந்நூறு முறை நடக்கிறது. அதனால்தான் குரல் கேட்கிறது. இன்னொன்று, கையின் அசைவு. அது நொடிக்கு நான்கு அல்லது ஐந்து முறைதான். கை பாடவில்லை. ஆனால் பாடுகிற குரலின் வடிவத்தை அது மாற்றிவிட்டது!

நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை 'அதிர்வெண்' என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதன் அலகு ஹெர்ட்ஸ். மனிதரின் காது ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். 20-க்குக் கீழே போனால் அதை ஓர் ஒலியாகக் காது உணராது.

கணினியில் 'சாம்ப்ளர்' என்று ஒரு மென்பொருள் உண்டு. உண்மையான வீணையின் ஒரு மீட்டலைப் பதிவு செய்து அதில் போட்டுவிட்டால் போதும். கீபோர்டின் எந்தக் கட்டையை அழுத்தினாலும், அந்த வீணை ஒலியையே உயர்த்தியோ தாழ்த்தியோ வாசித்துக் காட்டும். ஆனால் ஒரு குறை. வெறுமனே அழுத்தினால் ஒலி குச்சிபோல் நேராக நிற்கும். உயிரில்லாததுபோல் தோன்றும்.

இந்தக் குறையைப் போக்க அதில் 'எல்.எஃப்.ஓ.' என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். குறைந்த அதிர்வெண்ணில் ஆடும் அலையியற்றி என்று பொருள். அது பெரும்பாலும் நொடிக்கு இருபது முறைக்கும் குறைவாகவே ஆடும். அதன் ஒலி நமக்குக் கேட்காது. அதன் வேலை, உங்கள் உள்ளங்கையைப் போல வேறொரு ஒலியைப் பிடித்து ஆட்டுவதுதான்.

அந்த அலையை ஒலியின் அளவோடு இணைத்தால், ஒலி கூடிக் கூடிக் குறையும். இதற்கு 'ட்ரெமலோ' என்று பெயர். சுருதியோடு இணைத்தால், ஒலி மேலும் கீழும் நெளியும். இது 'வைப்ரேட்டோ'. ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் வடிகட்டியோடு இணைத்தால், கேட்டீர்களே 'வா... வா...', அது வரும்.

எவ்வளவு வேகமாக ஆட வேண்டும், எவ்வளவு தூரம் ஆட வேண்டும் என்று தீர்மானிக்க இரண்டு திருகிகள் இருக்கும். ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். மெல்லத் தள்ளினால் கொஞ்ச தூரம் போகும், ஓங்கித் தள்ளினால் உயரப் போகும். அப்படித்தான் இதுவும்.

சரி, இனி தீட்சிதரின் கதைக்கு வருவோம்.

கோட்டைக்குள் கேட்ட பாண்டு வாத்தியம்

முத்துசுவாமி தீட்சிதர் 1775-ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். மும்மூர்த்திகள் மூவருமே திருவாரூரில் பிறந்தவர்கள் என்பது ஒரு வியப்பான செய்தி. வைத்தீசுவரன் கோயிலில் உள்ள முத்துக்குமாரசுவாமியை வேண்டிப் பிறந்த பிள்ளை என்பதால் முத்துசுவாமி என்று பெயர் வைத்தார்களாம்.

தந்தை ராமசுவாமி தீட்சிதர் பெரிய இசைப்புலவர். 'ஹம்சத்வனி' என்ற ராகத்தை உருவாக்கியவர் அவர்தான் என்பார்கள். கச்சேரிகளில் நீங்கள் அடிக்கடி கேட்கும் 'வாதாபி கணபதிம்' அந்த ராகத்தில் அமைந்தது. அப்பா கண்ட ராகத்தில் மகன் செய்த பாட்டு!

சென்னைக்கு வடக்கே மணலி என்ற ஊர் இருக்கிறது. இன்று பெரிய தொழிற்சாலைகள் நிறைந்த இடம். அந்த ஊரின் செல்வர் முத்துகிருஷ்ண முதலியார், இசையில் மிகுந்த ஆர்வம் உள்ளவர். அவர் ஆதரவில் தீட்சிதர் குடும்பம் மணலியில் வந்து தங்கியது.

முதலியார் குடும்பத்துக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியாரோடு பழக்கம் உண்டு. அதனால் தீட்சிதர் சகோதரர்களுக்குப் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பாண்டு இசையைக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. தம்பி பாலுசுவாமி அதில் வந்த வயலினில் மனத்தைப் பறிகொடுத்தார். ஐரோப்பியக் கலைஞர் ஒருவரிடம் அதைக் கற்றுக்கொண்டார். கர்நாடக இசைக்குள் வயலினைக் கொண்டுவந்த முன்னோடி அவர். இன்று வயலின் இல்லாத கச்சேரியைப் பார்ப்பதே அரிது, இல்லையா?

அண்ணன் முத்துசுவாமி வேறொன்று செய்தார். அந்த மேல்நாட்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் பாடல்கள் எழுதினார். அப்படிச் சுமார் நாற்பது பாடல்கள் உள்ளன. அவற்றை 'நோட்டு ஸ்வரம்' என்பார்கள். பிரிட்டனின் தேசிய கீதத்தின் மெட்டில்கூட ஒரு பாட்டு உண்டு.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். நோட்டு ஸ்வரங்களில் ஸ்வரங்கள் நேராக நிற்கும். 'ஸ, ரி, க' என்று படிப்படியாகக் கால் வைத்து ஏறுவதுபோல் இருக்கும். அவை சங்கராபரணம் என்ற நம் ராகத்தின் ஏழு ஸ்வரங்களில்தான் அமைந்தவை. மேல்நாட்டார் 'மேஜர் ஸ்கேல்' என்று சொல்வதும் இதே ஏழுதான். ஆனால் கச்சேரியில் ஒரு வித்துவான் சங்கராபரணம் பாடும்போது கேட்டால், முற்றிலும் வேறு இசைபோல் தோன்றும். ஏழும் அதே ஏழு என்றால் வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

அசைவிலிருந்து வந்தது! நம் இசையில் ஸ்வரங்கள் சும்மா நிற்பதில்லை. நெளிகின்றன, வழுக்குகின்றன, ஊசலாடுகின்றன. இந்த அசைவுக்கு 'கமகம்' என்று பெயர். பத்து வகைக் கமகங்கள் உண்டு என்று நூல்கள் சொல்கின்றன. நேராக நிற்கும் ஸ்வரத்தையும் அசையும் ஸ்வரத்தையும் இரண்டையுமே ஆழ்ந்து கேட்டு, இரண்டிலும் பாட்டுச் செய்தவர் தீட்சிதர்.

காசியில் கிடைத்த பொறுமை

அந்தச் சமயத்தில் சிதம்பரநாத யோகி என்ற துறவி மணலிக்கு வந்தார். இளைஞர் முத்துசுவாமியைத் தம்மோடு காசிக்கு அனுப்பும்படி கேட்டார். பிள்ளையைப் பிரிய யாருக்குத்தான் மனம் வரும்? ஆனாலும் தந்தை சம்மதித்தார்.

அந்தக் காலத்தில் ரயில் கிடையாது. நெடும் பயணம்! காசியில் சில ஆண்டுகள் குருவுக்குப் பணிவிடை செய்தபடி இருந்தார் முத்துசுவாமி. அங்கே வடநாட்டு இசையைக் கேட்டார். 'துருபத்' என்ற பழமையான இசைமுறை அவசரமே இல்லாமல், ஒவ்வொரு ஸ்வரத்தையும் நிதானமாகத் தொட்டுத் தொட்டுப் போகும். பின்னாளில் தீட்சிதர் செய்த பாடல்கள் பெரும்பாலும் மிக மெதுவான நடையில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று இசை அறிஞர்கள் கருதுகிறார்கள். யமுனா கல்யாணி போன்ற வடநாட்டுச் சாயல் உள்ள ராகங்களிலும் அவர் பாட்டுச் செய்தார்.

குருவின் சொற்படி கங்கையில் இறங்கியபோது ஒரு வீணை கிடைத்தது என்பது, வழிவழியாக வரும் கதை. எப்படிக் கிடைத்திருந்தாலும், அதன்பின் வீணை அவரைவிட்டுப் பிரியவே இல்லை.

வீணையில் 24 மெட்டுகள் இருக்கின்றன. வலக்கை விரலால் தந்தியை மீட்ட வேண்டும். இடக்கை விரலால் மெட்டின் மேல் தந்தியை அழுத்த வேண்டும். மீட்டிய உடனே ஒலி மணிபோல் எழும்பும். பிறகு மெல்ல மெல்லத் தேய்ந்து போய்விடும். வேகமான பாட்டென்றால் கவலையில்லை, அடுத்த ஸ்வரம் உடனே வந்துவிடும். மெதுவான பாட்டில் என்ன செய்வது? இரண்டு மீட்டல்களுக்கு நடுவே உள்ள அந்த நீண்ட இடைவெளி வெறுமையாகப் போய்விடாதா?

அங்கேதான் இடக்கை விரல்களின் வேலை. அழுத்திய தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் அதன் விறைப்பு கூடும். விறைப்பு கூடினால் சுருதி உயரும். விட்டால் பழையபடி இறங்கும். இப்படி இழுத்து இழுத்து விட்டால், ஒரே மீட்டலில் ஒலி மேலும் கீழும் ஊஞ்சலாடும். விரல் நொடிக்குச் சில தடவைதான் அசைகிறது. தந்தியோ நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அதிர்கிறது. மெதுவான அசைவு, வேகமான அதிர்வை ஆட்டி வைக்கிறது. சாம்ப்ளரில் எல்.எஃப்.ஓ. செய்வதும் இதைத்தான் என்று இப்போது புரிகிறதா?

தணிகையில் பிறந்த முதல் பாட்டு

காசியில் குரு மறைந்த பிறகு தீட்சிதர் மணலிக்குத் திரும்பினார். பின்னர் திருத்தணிக்குச் சென்று தியானத்தில் அமர்ந்தார். ஒரு முதியவர் வந்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாவில் கற்கண்டைப் போட்டுவிட்டு மறைந்தார் என்றும், அந்த இனிப்பு நாவில் இருக்கும்போதே பாட்டு பிறந்தது என்றும் சொல்வார்கள். வந்தவர் முருகனே என்பது அன்பர்களின் நம்பிக்கை.

'ஸ்ரீநாதாதி குருகுஹோ' என்று தொடங்கும் அந்தப் பாட்டு மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்தது. பாட்டு கற்றுக்கொள்ளும் குழந்தைகளே, உங்களுக்கு இந்த ராகம் நன்றாகத் தெரியும். சரளி வரிசையை இதில்தானே ஆரம்பிக்கிறீர்கள்! பின்னாளில் அத்தனை அரிய ராகங்களைக் கையாண்ட மேதையின் முதல் கீர்த்தனையும் தொடக்கப் பாட ராகத்திலேயே அமைந்தது.

இலக்கண வகுப்பில் எட்டு வேற்றுமைகளைப் படிப்பீர்கள் அல்லவா? தீட்சிதர் அந்த எட்டு வேற்றுமைகளுக்கும் ஒவ்வொன்றாக, எட்டுப் பாடல்களைக் குருகுகன் மேல் செய்தார். குருகுகன் என்பது முருகனின் பெயர். அன்று முதல் 'குருகுஹ' என்பதே அவர் தம் பாடல்களில் வைக்கும் முத்திரை ஆயிற்று.

அதன்பிறகு காஞ்சிபுரம், திருவண்ணாமலை, சிதம்பரம், திருவாரூர் என்று ஊர் ஊராகச் சென்றார். சென்ற ஊர்களில் உள்ள கோயில்கள் மீது பாடல்கள் செய்தார். திருவாரூர்க் கமலாம்பிகை மேல் செய்த நவாவரணப் பாடல்களும், நவக்கிரகங்கள் மேல் செய்த பாடல்களும் புகழ்பெற்றவை. இன்று நானூறுக்கும் மேற்பட்ட பாடல்கள் அவர் பெயரில் வழங்குகின்றன. பரதநாட்டியத்துக்கு வடிவம் தந்த தஞ்சை நால்வரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் அவருடைய மாணவர்கள்.

தம்பி பாலுசுவாமி எட்டயபுரம் அரண்மனையில் வித்துவானாக இருந்தார். அவரைத் தேடி எட்டயபுரம் சென்ற தீட்சிதர், 1835-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், தீபாவளித் திருநாளில், அங்கேயே காலமானார். அவருடைய நினைவிடம் இன்றும் எட்டயபுரத்தில் இருக்கிறது. ஆமாம், மகாகவி பாரதி பின்னாளில் பிறந்த அதே ஊர்தான்!

காற்றில் போக இருந்த செல்வம்

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், குழந்தைகளே. எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தது 1877-இல். தீட்சிதர் மறைந்து 42 ஆண்டுகள் கழித்து! அவருடைய வீணை ஒலியின் ஒரு துளிகூடப் பதிவாகவில்லை. எந்தச் சாம்ப்ளரிலும் அதைப் போட முடியாது.

பாட்டின் சொற்களை ஓலையில் எழுதி வைக்கலாம். 'ஸ ரி க ம' என்று ஸ்வரங்களையும் எழுதி வைக்கலாம். ஆனால் அந்த ஸ்வரம் எப்படி அசைந்தது, எங்கே நெளிந்தது, எங்கே வழுக்கியது என்பதை எப்படி எழுதுவது? அது சீடரின் காதிலும் கையிலும்தான் இருந்தது. அந்தச் சீடர்கள் மறைந்துவிட்டால் எல்லாம் போய்விடும்.

இந்த ஆபத்திலிருந்து அதைக் காப்பாற்றியவர், தீட்சிதரை நேரில் பார்த்தே இராத ஒருவர். பெயர் சுப்பராம தீட்சிதர். தீட்சிதர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1839-இல் பிறந்தவர். பாலுசுவாமியின் மகள்வயிற்றுப் பேரன். பேரனையே மகனாகத் தத்தெடுத்து வளர்த்த பாலுசுவாமி, அண்ணனின் பாடல்களை அவருக்குக் கற்றுக்கொடுத்தார்.

சின்னசாமி முதலியார் என்ற இசை அன்பர் ஒருவர் இருந்தார். நம் பாடல்களை மேல்நாட்டு முறையில் கோடும் புள்ளியுமாக 1893-இல் அச்சிட்டவர். குடும்பத்துக்குள் இருந்த தீட்சிதர் பாடல்களை உலகுக்குத் தர வேண்டும் என்று சுப்பராமரை விடாமல் வேண்டியவர் அவர். எட்டயபுரம் மன்னரும் துணை நின்றார். புத்தகத்தைக் கண்ணால் பார்க்கும் முன்பே முதலியார் மறைந்துவிட்டார் என்பதுதான் வருத்தமான செய்தி.

சுப்பராமர் 1904-இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற மாபெரும் நூலை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 65. தெலுங்கு எழுத்தில், எட்டயபுரத்திலேயே அச்சான நூல் அது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். தீட்சிதரின் பாடல்கள் இருநூறுக்கும் மேல் அதில் உள்ளன.

அந்த நூலின் சிறப்பு எதுவென்றால், ஸ்வரங்களோடு சேர்த்து அச்சிட்ட சின்னச் சின்ன அடையாளங்கள்தான். ஸ்வரம் ஊசலாட வேண்டிய இடத்தில் ஒரு நெளிகோடு. இதற்குக் 'கம்பிதம்' என்று பெயர். கீழிருந்து மேலே வழுக்கிப் போக வேண்டுமானால் ஏறும் சாய்கோடு. மேலிருந்து கீழே என்றால் இறங்கும் சாய்கோடு. இப்படி ஒவ்வொரு கமகத்துக்கும் ஒரு குறி. இன்று சாம்ப்ளரில் எந்த ஒலி எப்படி ஆட வேண்டும் என்று குறித்துச் சேமித்து வைக்கிறார்கள் அல்லவா? அந்தக் குறிப்பை மின்சாரமே இல்லாமல், ஈய எழுத்துக் கோத்துச் செய்துவைத்தார் அந்த முதியவர். நூல் வந்த இரண்டாம் ஆண்டே, 1906-இல், அவரும் காலமானார். கொஞ்சம் தாமதித்திருந்தால்?

கருவியும் விரலும்

அப்படியானால் எல்.எஃப்.ஓ.வைப் போட்டுவிட்டால் கணினியும் கமகம் வாசித்துவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி!

எல்.எஃப்.ஓ.வை ஒருமுறை முடுக்கிவிட்டால், கடிகாரத்தின் ஊசல்போல ஒரே சீராக ஆடும். மாற்றச் சொன்னால்தான் மாறும். கமகம் அப்படியில்லை. ராகத்துக்கு ராகம் மாறும். தோடி ராகத்தில் 'க' என்ற ஸ்வரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 'ரி'க்கும் 'ம'வுக்கும் நடுவே ஊசலாடும். அந்த ஊசலாட்டம்தான் தோடியின் முகம். கீபோர்டில் அந்தக் கட்டையை வெறுமனே அழுத்தினால் தோடி வரவே வராது. அதே நேரம், சில ராகங்களில் சில ஸ்வரங்களை அசைக்கவே கூடாது. எதை, எப்போது, எவ்வளவு அசைப்பது என்பதைக் கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

அதனால்தான் கணினியில் நம் இசையைச் செய்பவர்கள் எல்.எஃப்.ஓ.வை மட்டும் நம்புவதில்லை. கீபோர்டின் ஓரத்தில் சுருதியை வளைக்கும் சக்கரம் ஒன்று இருக்கும். அதை விரலால் தள்ளித் தள்ளி, வீணைத் தந்தியை இழுப்பதுபோல் வாசிக்கிறார்கள். கருவி எவ்வளவு வளர்ந்தாலும் கடைசியில் காதும் விரலும்தான் முடிவு செய்கின்றன.

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ கீபோர்டு இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். ஒரு கட்டையை அழுத்தி ஒலியைக் கேளுங்கள். பிறகு 'வைப்ரேட்டோ' பொத்தானைப் போட்டு அதே கட்டையை அழுத்துங்கள். நொடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். அடுத்து, தீட்சிதரின் நோட்டு ஸ்வரம் ஒன்றையும், 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' பாட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள். எந்த ஸ்வரம் நிற்கிறது, எந்த ஸ்வரம் அசைகிறது என்று தாளில் குறியுங்கள். நெளிகோடும் சாய்கோடும் போடலாம். சுப்பராம தீட்சிதர் செய்ததும் அந்த வேலைதானே!

உங்கள் வீட்டிலும் தாத்தாவோ பாட்டியோ ஒரு தாலாட்டையோ, வயல்காட்டுப் பாட்டையோ அறிந்திருப்பார்கள். அதைச் சொற்களாக மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் இழுக்கும் இடத்தில் இழுத்து, நெளிக்கும் இடத்தில் நெளித்துப் பாடிப் பழகிக்கொள்ளுங்கள். செய்வீர்கள்தானே?